பிள்ளையின் பொழுது யாருடையது?

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் ஒரு பிள்ளையின் நாளை, வாசகரே, சற்று எண்ணிப் பாருங்கள். விடியப்புறம் ஐந்து மணிக்குத் தாயார் எழுப்புகிறார். ஆறு மணிக்கு இரசாயனவியல் வகுப்பு. அங்கிருந்து நேரே பாடசாலை. ஏழரைக்குத் தொடங்கிய பாடசாலை ஒன்றரைக்கு விட்டதும் வீட்டுக்கு ஓடி வந்து, நின்ற நிலையிலே நாலு பிடி சோற்றை வாயிற் போட்டுக்கொண்டு, இரண்டரைக்கு மறுபடியும் சைக்கிள். மறுபடியும் தனியார் கல்வி நிலையம். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு. செபமாலைக்கு முழந்தாளிட்ட பிள்ளை மூன்றாம் தேவ இரகசியத்தில் தூங்கி விழுகிறது. சனிக்கிழமை முழுநாளும் வகுப்பு. ஞாயிறு பூசைக்கு வந்தாலும், குருவானவர் இறுதி ஆசீர் கொடுக்குமுன் கோவில் வளவுக்குள் சைக்கிள்கள் நகரும் ஓசை கேட்கிறது.

இவ்வளவுக்கும் நடுவே முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அதன்பின் தமிழ்மொழித் தினப் போட்டி. பாடசாலை மட்டத்தில் வென்றால் கோட்டம், கோட்டத்தில் வென்றால் வலயம், வலயத்தில் வென்றால் மாகாணம், பிறகு அகில இலங்கை. விவாதம், வினாவிடை, சாரணர், பாண்ட் வாத்தியம் என்பன வேறு. இவற்றோடு அந்தப் பிள்ளைக்கென்று ஒரு விருப்பமும் இருக்கக்கூடும். படம் கீறுவதாக இருக்கலாம், பழுதான வானொலியைக் கழற்றிப் பார்ப்பதாக இருக்கலாம், சும்மா பந்தடிப்பதாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால், நேர அட்டவணை ஒன்று போடுங்கள் என்பதே வழக்கமான விடை. நானும் நெடுங்காலம் படிப்பித்தவன். எத்தனையோ பிள்ளைகளுக்கு அடிமட்டம் வைத்து அட்டவணை கீறிக் கொடுத்திருக்கிறேன். சிவப்பு மையாற் படிப்பு, நீல மையால் விளையாட்டு, பச்சை மையால் ஓய்வு! அவை சுவரில் அழகாகத் தொங்கின. அதற்குமேல் அவற்றால் நடந்தது அதிகமில்லை. இன்று நான் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. அந்த அட்டவணையின் பெட்டிகளை நிரப்புமுன், அவை யாருடைய பெட்டிகள்? பிள்ளையின் பொழுது பிள்ளையுடையதா, பெற்றாருடையதா, பாடசாலையுடையதா, அல்லது இன்னும் பத்தாண்டு கழித்து அந்தப் பிள்ளை ஆகப்போகும் வைத்தியருடையதா?

பெற்றாரைக் குறை சொல்லித் தொடங்குவது எளிது. நான் அப்படிச் செய்யப் போவதில்லை. எங்கள் மக்களுக்குப் படிப்பைப் பற்றி ஓர் அச்சம் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபொழுது, ஒரு புள்ளி இரண்டு புள்ளியால் வாழ்வு திசைமாறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்றைய பெற்றார். அதன்பின் வந்த போரிலே வீடு போயிற்று, வள்ளம் போயிற்று, நகை போயிற்று. இடம்பெயர்ந்து நடந்த வழியிலே பறிக்க முடியாமல் இருந்த ஒரே சொத்துத் தலைக்குள் இருந்த படிப்பு. இன்றைக்கு இசற் புள்ளி தசமத்துக்குப் பின் நான்கு தானம் வரை கணிக்கப்பட்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி போடப்படுகிறது. மூன்றாம் தானத்தில் உள்ள ஓர் எண் தன் மகளை மருத்துவ பீடத்துக்கு வெளியே நிறுத்திவிடும் என்பது ஒரு தகப்பனுக்குத் தெரிந்திருக்கும்போது, "பின்னேரம் பந்தடிக்கப் போகட்டும்" என்று சொல்ல அவருக்கு நா எழாது. இதை விளங்கிக்கொள்ளாமல் அவருக்குப் புத்தி சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

எனினும் அச்சம் நியாயமானது என்பதால் அச்சம் செய்விக்கும் எல்லாமே நியாயமாகிவிடா.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் அப்பொழுது படிப்பித்த பாடசாலையிற் பத்தாம் தரத்தில் ஒரு மாணவன் இருந்தான். கணீரென்ற குரல். பேச்சுப் போட்டிக்கு அவனைத் தெரிந்தெடுத்தோம். பேச்சை எழுதியவன் நான். எந்த இடத்திற் கையை உயர்த்துவது, எந்தச் சொல்லில் மூச்சை அடக்குவது, எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் நானே பழக்கினேன். கோட்டத்தில் முதலிடம், வலயத்தில் முதலிடம், மாகாணத்தில் இரண்டாமிடம். காலைப் பிரார்த்தனையில் அதிபர் மேடைக்கு அழைத்துக் கைகொடுத்தார். அந்தப் பேச்சின் தலைப்பு "உழைப்பே உயர்வு" என்பது. யாருடைய உழைப்பு என்று நடுவர்களும் கேட்கவில்லை. அவர்களிற் பலரும் தத்தம் பாடசாலைகளில் என்னைப்போலவே எழுதிக் கொடுத்தவர்கள்தாமே!

அடுத்த ஆண்டு அந்தப் பையனுக்குச் சிறு வயதிற் படிப்பித்த ஆசிரியை ஒருவர் இளைப்பாறினார். அவர்மேல் அவனுக்கு மிகுந்த பற்று. பிரியாவிடை வைபவத்தில் மாணவர் சார்பில் அவன் பேசுவதென்று தீர்மானித்தார்கள். முதல்நாள் என்னிடம் வந்து, "சேர், ஒரு பேச்சு எழுதித் தாங்கோ" என்றான். எனக்கு அன்றைக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. "நாலு வசனம்தானே, நீயே சொல்லன்" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் மேடையில் ஏறினான். "பெருமதிப்புக்குரிய" என்று தொடங்கினான். அதற்குமேல் வரவில்லை. கையை மட்டும் நான் பழக்கிய பிரகாரம் ஒரு முறை உயர்த்தினான். பிறகு இறங்கிப் போய்விட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அன்று பின்னேரம் அவனைச் சைக்கிள் கொட்டகையிற் கண்டேன். "எனக்குச் சொல்ல இருந்தது சேர். ரீச்சர் எனக்குக் காய்ச்சல் வந்தநேரம் வீட்டை வந்தவ. அதைச் சொல்லத்தான் நினைச்சனான். ஆனா அது போட்டிக்குப் பேசுற மாதிரி வரேல்லை" என்றான்.

வாசகரே, அந்தப் பிள்ளையிடமிருந்து நான் எடுத்தது என்ன என்பது அப்பொழுதுதான் எனக்குப் புலப்பட்டது. அவனுடைய சொந்தச் சொல் மேடைக்குத் தகுதியற்றது என்று அவனை நம்பவைத்துவிட்டேன். அவன் படிப்புக் கெடவில்லை. நேரமும் அதிகம் வீணாகவில்லை. நேர அட்டவணைக்காரர் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. படிப்பு, கலை, போட்டி ஆகிய மூன்றும் சமநிலையில் நின்றன, பையனைத்தான் காணவில்லை.

ஆகவே, சமநிலை என்பதை மணித்தியாலக் கணக்காக மட்டும் நினைப்பதில் ஒரு பிழை இருக்கிறது. பொழுதுபோக்கு என்று நாம் வைத்திருக்கும் சொல்லையே பாருங்கள். போக்கவேண்டிய பொழுது, போனாற் போகட்டும் என்கிற பொழுது! ஆனால் நாம் சும்மா போகவும் விடுவதில்லை. பிள்ளை நன்றாகப் பாடினால் உடனே வகுப்பு, வகுப்பிலிருந்து பரீட்சை, பரீட்சையிலிருந்து போட்டி, போட்டியிலிருந்து கேடயம். படம் கீறினால் அதையும் எங்கேயாவது அனுப்பிச் சான்றிதழ் எடுக்கவேண்டும். பத்து வயதுக் குழந்தை புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியடைந்தாற் சந்தியிற் படத்தோடு பதாகை கட்டுகிறோம். அதே வகுப்பிற் சித்தியடையாத குழந்தை அந்தச் சந்தியால்தான் பாடசாலைக்குப் போகிறது. விருப்பத்துக்காகச் செய்த ஒன்று இடம் பிடிப்பதற்காகச் செய்யும் ஒன்றாக மாறியபின், பிள்ளைக்கு அது இன்னொரு பாடம், அவ்வளவே. ஒரு பிள்ளைக்கு, தான் திறமில்லாதிருப்பதற்கும் அனுமதி உள்ள ஒரு காரியமாவது வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சுருதி பிசகிப் பாடலாம், எவரும் புள்ளி போடார் என்ற ஓர் இடம் வேண்டும்.

"போட்டி இல்லாவிட்டால் திறமை எப்படி வெளிவரும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபொழுது அவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. 1958 இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுக் கொடுத்தவர் அவரே. விளையாட்டினாற் படிப்புக் கெட்டவருமல்லர். கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்விப் பணியில் வாழ்ந்து 2024 இல் மறைந்தார். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்குப் போட்டி ஒன்றுதான் ஊருக்கு வெளியே தன் பெயரைக் கேட்கும் வாய்ப்பு என்பதும் உண்மை. தோல்வியைத் தாங்கப் பழகுவதற்கும் அதைவிட நல்ல இடம் குறைவு. ஆகையாற் போட்டியை ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எதிர்வீரசிங்கத்தோடு அதே மணலில் அதே காலத்திற் பாய்ந்த பிள்ளைகள் எத்தனைபேர் இருந்திருப்பார்கள்? அவர்களுக்குப் பதக்கம் இல்லை. அவர்கள் பாய்ந்த பின்னேரங்கள் எல்லாம் வீண் என்று சொல்வீர்களா? வீண் என்றால் விளையாட்டு மைதானங்களை உழுது வெங்காயம் நட்டுவிடலாம். வீண் அல்ல என்றால், பதக்கம் அல்லாத வேறொன்று அங்கே கிடைத்திருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

தாலந்து உவமையைப் பல தடவை பிரசங்கத்திற் கேட்டிருக்கிறோம். பரிசளிப்பு விழாக்களிலும் அது தவறாமல் வரும். ஐந்து தாலந்து பெற்றவன் மேலும் ஐந்தைச் சம்பாதித்தான், ஆகவே பிள்ளைகாள் முயலுங்கள் என்று முடிப்பார்கள். மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். இரண்டு தாலந்தோடு வந்தவனைத் தலைவர் பாராட்டும் சொற்களும் ஐந்து தாலந்தோடு வந்தவனைப் பாராட்டும் சொற்களும் ஒன்றே. முதலாமிடம், இரண்டாமிடம் என்று அங்கே வாசிக்கப்படவில்லை. அவனவன் ஆற்றலுக்கேற்பவே கொடுக்கப்பட்டது என்றும் அங்கே சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைக் கொண்டு நம் பிள்ளையை அளப்பதற்கு அந்த உவமையில் இடமே இல்லை. ஆனால் தாலந்தை மண்ணிற் புதைத்தவனுக்கும் அங்கே மன்னிப்பில்லை; படிக்க இயலும், ஆனால் படிக்க மாட்டேன் என்றிருக்கும் பிள்ளை இதைக் கேட்டு அதிகம் மகிழவேண்டியதில்லை.

விளையாட்டைப் பற்றிப் புனித தோமஸ் அக்குவினார் தமது இறையியற் சுருக்கத்தில் ஆராய்ந்திருப்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. பழைய துறவியர் நூலொன்றிலிருந்து அவர் ஒரு கதையை எடுத்துக் காட்டுகிறார். நற்செய்தியாளரான புனித அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருக்கக் கண்டு சிலர் முகஞ் சுளித்தார்களாம். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அருளப்பர் அவனை அம்பு எய்யச் சொன்னார். மீண்டும் மீண்டும் எய்யச் சொன்னார். இடைவிடாமல் எய்துகொண்டே இருக்கலாமா என்று கேட்டபொழுது, வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனமும் அப்படியே என்றார் அருளப்பர். விளையாட்டே இல்லாமல், பிறர் மகிழ்ச்சிக்கும் பாரமாய் இருப்பதைக்கூடக் குற்றமென்றே அக்குவினார் எழுதுகிறார்.

நல்ல கதைதான். ஆனால் இவ்வளவில் நிற்க எனக்கு மனமில்லை. வில்லைத் தளர்த்துவது மீண்டும் வளைப்பதற்காகத்தான் என்றால், ஓய்வும் படிப்புக்கு வேலையாளாகிவிடுகிறதே! "சற்று விளையாடினால் மூளை தெளியும், பிறகு நன்றாகப் படிக்கலாம்" என்று தாராளமாகச் சொல்லும் பெற்றார்கூட இங்கேதான் நிற்கிறார்கள். ஸ்கூல் என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனால், ஸ்கொலே என்ற கிரேக்கச் சொல்லிலே போய் முடிகிறது. அதன் பொருள் ஓய்வு. ஓய்வாக இருக்கும் மனிதனே ஆராயவும் கற்கவும் வல்லவன் என்று அந்த மக்கள் கருதினார்கள். நாமோ ஓய்வே இல்லாத இடத்துக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறோம்.

மனிதரை எக்காலத்திலும் வெறுங் கருவியாக நடத்தலாகாது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1785 இல் எழுதினார். ஒருவரை மற்றொருவர் பயன்படுத்துவதைப் பற்றியே நாம் அதை வழக்கமாக நினைக்கிறோம். பதினாறு வயதுப் பிள்ளையை, இருபத்தாறு வயதில் வரப்போகும் வைத்தியருக்கோ பொறியியலாளருக்கோ கருவியாக்குவது பற்றியும் நினைக்கவேண்டாமா? நாளைக்காக இன்றைக்கு ஒன்றை விட்டுக்கொடுப்பது விவேகம். விதைநெல்லைக் குற்றி உண்பவன் கமக்காரன் அல்லன். ஆனால் விளைந்த நெல் முழுவதையும் விதைக்கென்று கட்டிவைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பட்டினி போடுபவனும் கமக்காரன் அல்லன்.

இதை நம் மண்ணில் நாம் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். 2009 இல் முடிந்த போரிலும், 2004 மார்கழியிற் கடல் பொங்கிய அந்த ஞாயிறு காலையிலும், பெறுபேறு வருமுன் போய்விட்ட பிள்ளைகள் எத்தனைபேர்? ஆண்டுத் திருப்பலிக்கு நாம் வாசிக்கும் பெயர்களிற் பதினைந்தும் பதினாறும் எத்தனை? அந்தத் தாய்மாரோடு பேசிப் பாருங்கள். மகனுடைய கணிதப் புள்ளியைச் சொல்லும் தாயை நான் இன்னும் காணவில்லை. மாமரத்திற் கட்டிய ஊஞ்சலைச் சொல்லுவார்கள். பூனைக்குட்டிக்கு அவன் வைத்த பெயரைச் சொல்லுவார்கள். பிழையான இராகத்திற் பாடித் திரிந்த பாட்டைச் சொல்லுவார்கள். அந்தப் பிள்ளைக்குப் பதினாறு ஆண்டுதான் வாழ்வு. அது முழுவதும் எதற்கோ ஆயத்தமாகவே கழிந்திருந்தால் அந்தத் தாய்க்கு இன்று நினைக்க என்ன இருக்கும்? இத்தாலியிற் பியர் ஜோர்ஜியோ பிரசாத்தி என்ற மாணவர் 1925 இல், பொறியியற் பட்டத்துக்கான கடைசிப் பரீட்சைகளை எழுதுமுன், இருபத்துநான்கு வயதிற் காலமானார். பாடசாலையில் இலத்தீன் பாடத்திற் சித்தியெய்தத் தவறியவர், மலையேறுவதில் மகிழ்ந்தவர், நகரத்து ஏழைகளைத் தேடித் திரிந்தவர். 2025 புரட்டாதியில் அவரைப் புனிதராக உயர்த்தியபொழுது, முடியாமற்போன அந்தப் பட்டம் எவருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை.

இனி மாணவரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் பெற்றாரின் கண்ணில் படும்படி மேசையில் விரித்துவைக்க எண்ணியிருப்பீர்கள். பொழுது உங்களுடையது என்று சொன்னால், அதற்குக் கணக்குக் கொடுக்கவேண்டியவரும் நீங்களே என்றாகும். தகப்பன் கடலுக்குப் போயோ, தோட்டத்தில் நின்றோ, வெளிநாட்டிற் குளிரில் நின்றோ கட்டும் வகுப்புக் காசிலே கடைசி வாங்கில் இருந்து கைப்பேசி பார்ப்பதற்கு விருப்பம் என்று பெயர் வைக்கமுடியாது. அந்தக் கைப்பேசியில் உங்கள் விரலை இழுப்பது உங்கள் விருப்பமா, அல்லது எங்கோ இருந்து உங்கள் பொழுதைக் காசாக்கும் ஒருவருடைய விருப்பமா என்பதையும் பாருங்கள். பிரசாத்தியோடு ஒரே நாளிற் புனிதரான கார்லோ அக்குத்திஸ் பதினைந்து வயதில் இறந்தவர். கணினி விளையாட்டில் விருப்பமுள்ள பையன். வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று அந்த விளையாட்டுக்குத் தானே எல்லை வைத்துக்கொண்டார் என்பார்கள். எல்லை எவ்வளவு என்பதைவிட, அதை வைத்தவர் யார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெற்றாரும் பிள்ளையும் இதைப்பற்றி ஒரு தடவையாவது வாய்விட்டுப் பேசியதுண்டா என்பது என் சந்தேகம். உயர்தரம் முதலாம் ஆண்டு தொடங்கும்போது வயலினைப் பெட்டிக்குள் வைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். ஏன், எவ்வளவு காலத்துக்கு, பிள்ளைக்குச் சம்மதமா என்பதெல்லாம் பேசப்படுவதில்லை. விட்டுக்கொடுத்தல் என்பது விட்டுக்கொடுப்பவர் அறிந்து செய்வது. ஒரு பிள்ளை தானாக, "இந்த இரண்டு வருடமும் போட்டிக்குப் போகமாட்டேன் அப்பா, ஆனால் ஞாயிறு பின்னேரம் அரைமணி நேரம் வயலின் வாசிப்பேன்" என்று சொன்னால் அது வேறு. அலுமாரிக்கு மேலே ஏற்றுவது வேறு. இரண்டிலும் அட்டவணை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம்.

சென்ற மாரியில் மன்னாருக்குப் போயிருந்தேன். வங்காலைக் கடனீரேரிப் பக்கத்தில் உறவினர் வீடு. 2010 இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்ட இடம் அது. மாரி காலத்தில் வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். அந்த வீட்டு மகள் உயர்தரத்திற் கணிதம் படிக்கிறாள். வகுப்பால் வரும் வழியிற் சைக்கிளைப் பாலத்தடியில் நிறுத்தி, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கண்டதைக் கொப்பி ஒன்றில் எழுதுகிறாள். எனக்குக் காட்டினாள். பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கம். திகதி, நேரம், பூநாரை எத்தனை, பெயர் தெரியாத வாத்து எத்தனை. தெரியாததற்குப் பக்கத்திற் படம். படம் அவ்வளவு திறமில்லை. வாத்துக்குக் கழுத்து நீண்டுவிட்டது.

தகப்பன் நல்ல மனிதர். பின்னாலே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "மாஸ்ரர், இதுக்கு ஏதும் போட்டி இருக்கோ? இருந்தா அனுப்பலாம்."

எனக்குத் தெரிந்த போட்டி ஒன்று இருந்தது. "இல்லை" என்றேன். பொய் சொன்னதை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.